வார இறுதிப் பயணமும் கூடார இரவும்: ஆபத்துகள், உரிமைகள், பரிகாரங்கள்

அம்பாறை மாவட்டத்தின் நாவிதன்வெளியிலிருந்து வார இறுதியில் புறப்படும் நண்பர் கூட்டங்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. அம்பாறை ஊடாக இங்கினியாகலைக்கும் சேனநாயக்க சமுத்திரத்துக்கும் போவது ஒன்று. அக்கரைப்பற்று, திருக்கோவில் தாண்டிப் பொத்துவில், அறுகம்பே, பாணமை, குமண என்று கரையோரமாகப் போவது இன்னொன்று. சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய வழியே மலையேறுவது மூன்றாவது. காலையில் போய்க் குளித்து, சமைத்துச் சாப்பிட்டு, மாலையில் வீடு திரும்பும் பயணங்களோடு, கூடாரம் அடித்து ஓரிரவு தங்கிவரும் பயணங்களும் இப்போது சேர்ந்துவிட்டன. இந்த மூன்று வழிகளிலும் நிலம் வேறு, நீர் வேறு, பொறுப்பான திணைக்களமும் இடத்துக்கு இடம் வேறுபடலாம்.

ஆபத்துகளில் முதலாவது தண்ணீர். 2023 மார்ச் மாதத்தில் வெல்லவாயவிலுள்ள எல்லாவல நீர்வீழ்ச்சியில் குளிக்க இறங்கிய கல்முனை, சாய்ந்தமருதுப் பகுதி இளைஞர்கள் நால்வர் மூழ்கி இறந்தனர். நண்பர்களாகச் சேர்ந்து சுற்றுலா போனவர்கள், இருபது வயதை ஒட்டியவர்கள். இந்தக் கரையோரத்திலிருந்து மலைநாட்டுக்குக் கிளம்பும் எந்தக் குழுவும் அந்த இழப்பை நினைத்துக்கொண்டே தண்ணீரில் கால் வைக்க வேண்டும்.

கல்லோயாத் திட்டத்தின் வாய்க்காலிலும் ஊர்க் குளத்திலும் நீந்திப் பழகியவருக்கு நீரைக் குறித்து ஒரு துணிவு இருக்கும். நீர்வீழ்ச்சியில் அந்தத் துணிவு உதவாது. வாய்க்காலின் ஆழம் ஏறத்தாழ ஒரே சீராக இருக்கும், காலுக்கடியில் மண் இருக்கும். நீர்வீழ்ச்சியின் தடாகத்திலோ முழங்காலளவு நீருக்கு அடுத்த எட்டிலேயே ஆளை மூடும் பள்ளம் இருக்கலாம். பாசி பிடித்த பாறை காலைப் பற்றவிடாது. மேலிருந்து விழும் நீர் காற்றைக் கலந்து நுரையாகப் பொங்கும் இடத்தில் உடலை மிதக்கவைக்கும் திறன் குறைகிறது. நன்றாக நீந்துபவரும் அங்கே தாழ்ந்துபோவார். இதோடு மழையும் சேர்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் இடைப்பருவ மழைக்காலம். பிற்பகலில் மலையுச்சியில் இடியுடன் மழை கொட்டும்போது, கீழே குளிப்பவரின் தலைக்கு மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கலாம். தெளிந்திருந்த நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் அடித்து வருவதும், ஓசை பெருகுவதும் வெள்ளம் வருகிறது என்பதற்கான அடையாளங்கள். அவற்றைக் கண்டதும் பொருட்களை விட்டுவிட்டு, ஆற்றைக் கடக்காமல், நிற்கும் பக்கத்திலேயே மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

நண்பர்கள் கூட்டமாக மூழ்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் தத்தளிப்பதைப் பார்த்து அடுத்தவர் பாய்கிறார். பயத்தில் இருப்பவர் அவரை இறுகப் பற்றி அமிழ்த்துகிறார். மூன்றாமவர் இருவரையும் காப்பாற்றக் குதிக்கிறார். அன்பினால் நேரும் சாவு இது, அதனாலேயே முன்கூட்டிப் பேசி வைக்கப்பட வேண்டியது. கரையில் நின்றபடி கயிறு, நீண்ட தடி, முடிச்சிட்ட சாரன், மூடி இறுக்கிய வெற்றுக் கேன் எதையாவது எறிவதே சரியான உதவி. வெளியே எடுத்தவருக்கு மூச்சு இல்லையென்றால் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முயல்வதில் நேரம் போகக்கூடாது. வாயோடு வாய் வைத்துச் சுவாசம் கொடுப்பதையும் நெஞ்சை அழுத்துவதையும் உடனே தொடங்கி, 1990 என்ற இலவச அம்புலன்ஸ் சேவையை மற்றொருவர் அழைக்க வேண்டும். குழுவில் இருவராவது இந்த முதலுதவியைப் பழகியிருப்பது, எந்தப் பயணச் சாமானை விடவும் பெறுமதியானது.

கிழக்குக் கடல் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை பொதுவாக அமைதி. வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் அதே கடல் ஆளை இழுக்கும். அலைகள் இரண்டு பக்கமும் உடைந்து, நடுவே ஓர் இடம் மட்டும் சலனமின்றித் தெரிந்தால் அது குளிக்க ஏற்ற இடம் அல்ல. கரைக்கு வந்த நீர் திரும்பிக் கடலுக்குள் ஓடும் பாதை அது. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேராகப் போராடினால் களைத்துவிடுவார். கரைக்குச் சமாந்தரமாக நீந்தி, இழுப்பிலிருந்து விலகிய பின்னரே கரைக்குத் திரும்ப வேண்டும். ஆறும் களப்பும் கடலில் சேரும் முகத்துவாரங்கள் எந்தப் பருவத்திலும் நம்பத்தக்கவை அல்ல. வாடியில் இருக்கும் மீனவரிடம் ஒரு வார்த்தை கேட்டால் போதும், அந்த இடத்தின் குணம் தெரிந்துவிடும். முதலையைப் பற்றியும் அவர்களிடமே கேட்கலாம். 2017 செப்டெம்பரில் அறுகம்பேக்கு அருகே எலிபன்ட் ரொக் பகுதியில் பிரித்தானிய இளம் ஊடகவியலாளர் ஒருவர், களப்பு நீருக்கு அருகில் போனபோது முதலையால் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார். கடலலையில் விளையாடிவிட்டு உப்பையும் மணலையும் கழுவப் பக்கத்துக் களப்பில் இறங்குவது பலர் செய்வது, செய்யவே கூடாதது.

மாரி மழையில் கிட்டங்கித் தாம்போதிக்கு மேலாக வெள்ளம் பாய்ந்து கல்முனைக்கான பாதை துண்டிக்கப்படுவது நாவிதன்வெளி மக்களுக்குப் பழகிய துன்பம். பழகியது என்பதாலேயே வெள்ளத்தைக் கடக்கும் துணிவும், வேடிக்கை பார்க்கப் போகும் ஆசையும் வருகின்றன. 2024 நவம்பர் 26 அன்று மாவடிப்பள்ளியில், வெள்ளம் மூடிய வீதியைக் கடக்க முயன்ற உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டு, அதிலிருந்த மத்ரஸா மாணவர்கள் உள்ளிட்ட பலர் உயிரிழந்தனர். அவர்கள் உல்லாசமாகப் போனவர்கள் அல்லர், வீடு திரும்பிக்கொண்டிருந்த பிள்ளைகள். உழவு இயந்திரத்தின் எடையே ஓடும் நீருக்கு முன் நிற்கவில்லை என்றால், வேனும் மோட்டார் சைக்கிளும் நிற்குமா?

இரவு தங்குவோருக்குத் தண்ணீரோடு வேறு கவலைகளும் சேர்கின்றன. உலர் வலயத்தில் தரையில் படுத்துறங்குவோரை இரவில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடி வலிக்காமலும் இருக்கலாம், பல்லின் அடையாளம் தெரியாமலும் போகலாம். விடியுமுன் வயிற்றுவலி, கண் இமை தானாகச் சரிதல், விழுங்க முடியாமை என்று தொடங்கினால் அதைச் சாப்பாட்டுக் கோளாறு என்று எண்ணிவிடக் கூடாது. முத்திரைப் புடையன் கடித்தால் வீக்கமும் வலியும் உடனே தெரியும். எதுவானாலும் கீறுவது, உறிஞ்சுவது, இறுகக் கட்டுவது மூன்றும் தீங்கு. மோதிரம், கைக்கடிகாரத்தைக் கழற்றி, கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு மருந்து அங்கே இலவசம். எனவே புறப்படுமுன்பே தங்கும் இடத்துக்கு அருகே எந்த வைத்தியசாலை இருக்கிறது என்று பார்த்து வைப்பது நல்லது. தெற்குப் பக்கம் போவோருக்குப் பொத்துவில் ஆதார வைத்தியசாலை, இங்கினியாகலைப் பக்கம் போவோருக்கு அம்பாறை பொது வைத்தியசாலை. கூடாரத்தின் சிப்பை எப்போதும் மூடி வைப்பதும், இருட்டில் டோர்ச் இல்லாமல் நடக்காமல் இருப்பதும் பாம்புக்கடியைப் பெருமளவு தவிர்க்கும்.

யானை குறித்து இந்தப் பிரதேச மக்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் வயலைக் காக்கும் அனுபவம் வேறு, யானையின் வழியில் கூடாரம் அடித்துத் தூங்குவது வேறு. குளக்கரையில் லத்தியும் தடமும் தெரியும் இடம் அதன் வழி. பழம், உப்பு, சமைத்த உணவு எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. லாகுகல ஊடாகப் போகும் வீதியில் மாலை மங்கிய பின் மோட்டார் சைக்கிளில் போவதைத் தவிர்க்க வேண்டும். பலர் அறியாத ஆபத்து ஒன்று கூடாரத்துக்குள்ளேயே உருவாகிறது: இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக உள்ளே கொண்டுவந்து வைப்பது. அணைந்ததுபோல் தோன்றும் கரியும் மணமோ நிறமோ இல்லாத காபனோரொட்சைட்டை வெளிவிடும். தூங்குபவர் அப்படியே இறந்துபோவார்.

கூடாரம் அடிக்கும் நிலம் யாருடையது என்பது சட்டம் சார்ந்த முதல் கேள்வி. 1954இல் நிறுவப்பட்ட கல்லோயா தேசிய பூங்காவும், குமண, லாகுகல பூங்காக்களும் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி அனுமதியின்றித் தேசிய பூங்காவுக்குள் நுழைவதே குற்றம். உள்ளே தங்குவதானால் திணைக்களம் ஒதுக்கிய முகாமிடத்தை முன்பதிவு செய்து, பற்றுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். ஒதுக்குக் காடுகள் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க வனக் கட்டளைச் சட்டத்துக்கு உட்பட்டவை. அனுமதியின்றி அங்கே தீ மூட்டியவர் நீதிமன்றத்தில் நிற்க நேரும். தனியார் காணியென்றால் உரிமையாளரின் சம்மதம் வேண்டும். எந்த இடமானாலும் அந்தப் பகுதிக் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லிவிட்டுத் தங்குவது, நள்ளிரவில் யாராவது வந்து சந்தேகத்தோடு கேள்வி கேட்கும்போது பெரிய துணை.

தொல்பொருள் இடங்களில் இன்னும் அதிகக் கவனம் வேண்டும். ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் எட்டுப் பேர், ஹொரவப்பொத்தானைக்கு அருகிலுள்ள கிரலாகல பழைய தாதுகோபத்தின் மேல் ஏறி எடுத்த படங்கள் சமூக வலைத்தளத்தில் பரவியதால் 2019 ஜனவரியில் கைது செய்யப்பட்டு விளக்கமறியலில் வைக்கப்பட்டனர். அடுத்த மாதம் தலா 50,000 ரூபா அபராதத்தோடு விடுவிக்கப்பட்டார்கள். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, இடிந்த செங்கல் மேடும் ஒற்றைக் கல்தூணும் பாதுகாக்கப்பட்ட சின்னங்களாக இருக்கலாம். அறிவிப்புப் பலகை கண்ணில் படவில்லை என்பது தப்பிக்கும் வழியாகாது. இன்னொரு சமயத்தார் புனிதமாகக் கருதும் இடத்தில் ஏறி நிற்பது, சட்டத்துக்கு அப்பாலும் தவறு.

சட்டத்தை மதித்துப் போகிறவருக்கு உரிமைகளும் உண்டு. நாட்டுக்குள் எங்கும் போய்வரும் சுதந்திரத்தை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை ஒவ்வொரு பிரசைக்கும் தருகிறது. அறுகம்பே குறித்து 2024 அக்டோபரில் அமெரிக்கத் தூதரகம் பாதுகாப்பு எச்சரிக்கை விடுத்த பிறகு அந்தப் பகுதியில் சோதனை கூடியது. பொலிஸார் கேட்டால் தேசிய அடையாள அட்டையைக் காட்டத்தான் வேண்டும். ஆனால் ஊர்க்காரர், விடுதிக்காரர் என்ற எவருக்கும் வழிமறித்துப் பையைத் திறக்கச் சொல்லும் அதிகாரம் இல்லை. கைது செய்யும் அதிகாரி காரணத்தைச் சொல்ல வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் பொது விதிப்படி, பயண நேரம் நீங்கலாக 24 மணிநேரத்துக்குள் நீதிவான் முன் நிறுத்த வேண்டும். பெண்ணைச் சோதனையிடுவது பெண்ணாகவே இருக்க வேண்டும். பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி முன்னிலையாவதற்கான விதிகள் 2012இல் வர்த்தமானியில் வெளியாகின.

வெல்லவாயவிலோ ஹொரவப்பொத்தானையிலோ வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்படும் வாய்ப்பே அதிகம். வாசிக்க முடியாத தாளில் கையெழுத்திடாமல், தமிழில் வாசித்து விளக்கும்படி அமைதியாகக் கேட்க வேண்டும். தமிழ் அரச கரும மொழி. நீதிமன்றத்தில் அரச செலவில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையும் அரசியலமைப்பில் இருக்கிறது.

இன, மத, மொழி, சாதி, பால் காரணமாகக் கடை, உணவகம், விடுதி, கேளிக்கை இடங்களுக்குள் நுழைவதற்குத் தடை விதிக்கப்படக் கூடாது என்கிறது 12(3)ஆம் உறுப்புரை. 2024 பெப்ரவரியில் உனவட்டுனவில் வெள்ளையர்களுக்கு மட்டும் என்று அறிவிக்கப்பட்ட விருந்து, நாடெங்கும் எழுந்த எதிர்ப்பால் கைவிடப்பட்டது. அரச அதிகாரியால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய ஒரு மாதமே அவகாசம். கல்முனையிலுள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் அந்த ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்த அவகாசத்தில் கணக்கிடப்படாது. தனியார் விடுதியின் நடத்தை குறித்துச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையிடம் முறையிடலாம்.

பெண்கள் இடம்பெறும் குழுக்களில் சீண்டலுக்கு உள்ளானவர், பயணம் கெட்டுவிடும் என்று வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி பாலியல் தொந்தரவு ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். 1938 என்ற மகளிர் உதவி இலக்கத்தையோ 119 என்ற பொலிஸ் இலக்கத்தையோ அழைக்கலாம்.

பணம் சார்ந்த ஏமாற்றங்களே எண்ணிக்கையில் அதிகம்: முன்பணம் வாங்கிக்கொண்டு முகாமிடம் தராமை, படத்தில் காட்டிய வசதி இல்லாமை, போத்தல் தண்ணீருக்குக் குறித்த விலைக்கு மேல் அறவிடுதல். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் சொல்லலாம். ஆயினும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படியான முறைப்பாடு, சேவை பெற்ற மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் போக வேண்டும். பற்றுச்சீட்டு, வங்கிக்கு அனுப்பிய பணத்தின் சான்று, வட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் அழிக்காமல் வைத்திருப்பவருக்கே இந்த வழி பயன்படும். சிறிய தொகையென்றால் பிரதேச மத்தியஸ்த சபை செலவில்லாமல் தீர்த்துத் தரும்.

வாகனம் பற்றிய கேள்விகளைப் புறப்படுமுன் கேட்க வேண்டும். 2025 செப்டெம்பர் 4 இரவு எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா முடித்துத் திரும்பிய தங்காலை நகரசபை ஊழியர்களின் பஸ் பள்ளத்தில் வீழ்ந்து 15 பேர் இறந்தனர். கிழக்கிலிருந்து மலைநாட்டுக்குப் போகும் வேன்கள் ஏறி இறங்கும் அதே வீதி அது. பகலெல்லாம் ஓட்டிய சாரதியை இரவிலும் ஓட்டச் சொல்லாமல், இறக்கத்தைப் பகலிலேயே கடக்கும்படி நேரத்தை வகுக்க வேண்டும். வாகனத்தின் காப்புறுதி வாடகைப் பயணத்துக்கும் செல்லுமா என்பதை உரிமையாளரிடம் பத்திரத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும்.

விபத்து நேர்ந்தால் அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் பதிந்த முறைப்பாட்டின் பிரதியும், வைத்தியசாலை ஆவணங்களும் நட்டஈட்டுக்கான அடிப்படை. கவனக்குறைவால் ஏற்பட்ட காயத்துக்கோ மரணத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கிட இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு. சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாத குடும்பங்களுக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு வழக்கறிஞரை அமர்த்தித் தரும். வருமானத்தைக் காட்ட கிராம உத்தியோகத்தரின் சான்றிதழோடு அங்கே போகலாம்.