எடிங்டனின் சைக்கிள் கணக்கு

1938 கோடையில் கேம்பிரிட்ஜிலிருந்து ஆர்தர் எடிங்டன் எழுதிய கடிதம் ஒன்று அமெரிக்காவில் இருந்த சுப்ரமணியன் சந்திரசேகருக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதியவர் உலகறிந்த வானியற்பியல் பேராசிரியர். பெற்றவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, பின்னாளில் நோபல் பரிசு வாங்கப்போகிறவர். கடிதத்தில் ஒரு சைக்கிள் புலம்பல் இருந்தது. ஈஸ்டர் விடுமுறையில் தென் வேல்ஸ் பக்கம் சுற்றியபோது வானிலை அருமை, ஊர்களும் அழகு. ஆனால் இரண்டு நாள் ஓட்டியது கொஞ்சத்தில் தவறி, கணக்கில் சேராமல் போய்விட்டதாம். அவருடைய எண் இன்னும் 75-லேயே நின்றது.

அது என்ன எண்?

எடிங்டன் தனக்கென்று வகுத்துக்கொண்ட அளவுகோல் அது. குறைந்தது 10 மைல் ஓட்டிய நாட்கள் 10 இருந்தால் உங்கள் எண் 10. அதை 11 ஆக்க வேண்டுமானால், 11 மைலை எட்டிய நாட்கள் 11 தேவை. பத்தே மைல் ஓட்டிய பழைய நாட்கள் அப்போது உதிர்ந்துவிடும். தொடக்கத்தில் எண் மளமளவென்று ஏறும்; மேலே போகப்போக அசையாது. 75 என்றால், ஏறத்தாழ 120 கிலோமீட்டரோ அதற்கு மேலோ ஓட்டிய நாட்கள் 75. அடுத்த எண்ணுக்குப் போவதை அவர் ‘குவாண்டம் தாவல்’ என்று இயற்பியல் பாஷையிலேயே குறிப்பிட்டார். அந்தத் தாவலுக்கு இன்னும் நான்கு சவாரிகள் பாக்கி இருந்தன.

இதே கணக்கு வேறு வேடத்தில் இன்றைய பேராசிரியர்களைத் துரத்துகிறது. 2005-ல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்த ‘எச்-குறியீடு’, குறைந்தது 20 முறை மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகள் 20 வைத்திருப்பவருக்கு 20 தருகிறது. மைலுக்குப் பதில் மேற்கோள், நாளுக்குப் பதில் கட்டுரை, அவ்வளவுதான் வித்தியாசம். நெடுந்தூர சைக்கிள்காரர்களோ இன்றும் ‘எடிங்டன் எண்’ என்றே சொல்லி அதை ஏற்றப் பாடுபடுகிறார்கள்.

இவ்வளவு ஓட்ட எடிங்டனுக்கு நேரம் ஏது? கேம்பிரிட்ஜில் பாடம் நடக்கும் முழுப் பருவம் எட்டே வாரம். ஆண்டுக்கு மூன்று பருவம் போக, மிச்சமிருக்கும் நீண்ட விடுமுறைகள் ஆராய்ச்சிக்கும் ஊர் சுற்றலுக்கும் பொது. 1919 சூரிய கிரகணத்தின்போது பிரின்சிப்பி தீவுக்குப் போய், ஐன்ஸ்டைனின் கொள்கையைச் சோதித்த எடிங்டன், இந்த விடுமுறைகளைச் சைக்கிளுக்கும் நடைக்கும் கொடுத்தார். பிறந்ததும் ஏரிகளும் குன்றுகளும் நிறைந்த வட்டாரத்தின் வாசலான கெண்டல் என்ற சிறு நகரில்தான்.

அதே பல்கலைக்கழகத்தில் நடைக்குப் பேர்போன இன்னொருவர் இயற்பியலாளர் பால் டிராக். வாரம் முழுக்க வேலை, ஞாயிற்றுக்கிழமை நீண்ட நடை. நடக்கும்போது ஆராய்ச்சியை மறந்துவிட வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆனால் 1925 அக்டோபரில் ஒரு ஞாயிறு நடையில்தான், குவாண்டம் இயற்பியலின் புதிய சமன்பாட்டுக்கும் ‘பாய்சான் அடைப்பு’ என்ற பழைய கணிதக் கருவிக்கும் உறவு இருக்கலாம் என்று அவருக்குப் பொறி தட்டியது. சரிபார்க்கலாமென்றால், வீட்டில் இருந்த புத்தகங்களில் அது இல்லை. ஞாயிறென்பதால் நூலகமும் பூட்டு. திங்கள் காலைவரை தவித்துக் கிடந்தார். 1936-ல் ரஷ்ய நண்பர் இகோர் டாமுடன் காக்கசஸின் 5,642 மீட்டர் உயர எல்ப்ரூஸ் மலையில் ஏறினார். மலையேற்றப் பயிற்சிக்காக, கேம்பிரிட்ஜை அடுத்த குன்றுகளில் கோட்டு சூட்டோடு மரம் ஏறியவர் அவர்.

மீண்டும் அந்தக் கடிதத்துக்கு வருவோம். அதைப் பெற்ற சந்திரசேகருக்கு எடிங்டன்மேல் கோபப்படக் காரணம் இருந்தது. 1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில், வெண்குறு விண்மீன்களின் நிறைக்கு வரம்பு உண்டு என்ற அவருடைய முடிவை எடிங்டன் எல்லோர் முன்பும் எள்ளி நகையாடினார். அந்தக் காயம் ஆழமானது. வரம்பு சரிதான் என்பது பிறகு நிலைபெற்றது. ஆனாலும் இருவருக்கும் இடையே கடிதப் போக்குவரத்து நிற்கவில்லை. சைக்கிள் கணக்கும் அதில் தொடர்ந்து வந்தது.

1943 செப்டம்பர் கடிதத்தில் எண் 77. போர்க்காலத்தில் இரவு தங்க இடம் கிடைக்கும் என்ற உறுதி இல்லாததால், 1940-க்குப் பிறகு நெடும்பயணமே போகவில்லை. கடைசித் தாவல், கேம்பிரிட்ஜுக்கு வடக்கே தட்டையாகக் கிடக்கும் சதுப்புச் சமவெளியில் ஒரே நாளில் 80 மைல் மிதித்துச் சேர்த்தது. அப்போது அவருக்கு வயது 60. அடுத்த ஆண்டு நவம்பரில் அவர் காலமானார்.