புது டீச்சரும் கடைசி பெஞ்ச் நெசவாளியும்!

ஆரணியில் இரண்டு யுத்தங்கள் நடந்ததாகச் சரித்திரப் புத்தகம் சொல்கிறது. 1751-ல் ராபர்ட் கிளைவ் வந்து ஒரு தடவை மோதினார். 1782-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டுக்கும் இன்னொரு தடவை. புத்தகத்தில் வராத மூன்றாவது யுத்தம் ஒன்று உண்டு. அது வருஷா வருஷம் ஜூன் மாதம் நடக்கிறது. ஒரு பக்கம், அப்பாயின்ட்மென்ட் ஆர்டரின் மை காயாத புது வாத்தியார். ஆயுதம், ஒரே ஒரு சாக்பீஸ். எதிர்ப்பக்கம் நாற்பது பிள்ளைகள்! யார் ஜெயித்தார்கள் என்று தெரிய ரிசல்ட் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டாஃப் ரூமில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் முகத்தைப் பார்த்தாலே போதும்.

பாவம், அவர்கள் பேரில் தப்பில்லை. பி.எட். படிக்கும்போது 'மைக்ரோ டீச்சிங்' என்று ஒன்று நடக்கும். கூடப் படிக்கிற சிநேகிதர்களே மாணவர்களாக உட்காருவார்கள். அடுத்தது அவர்களும் பாடம் எடுத்தாக வேண்டுமே... அதனால் கப்சிப்! கேட்ட கேள்விக்கெல்லாம் டாண் டாண் என்று பதில் வரும். நிஜ வகுப்பில் அந்த ஒப்பந்தம் கிடையாது. "சார், பென்சிலை எடுத்துட்டான்", "மிஸ், தண்ணி குடிச்சிட்டு வரட்டுமா?", "சார், பெல் அடிச்சாச்சு சார்!"

எந்த ஊருக்குப் போனாலும் புது ஆசிரியருக்கு இது பொது. ஆனால் திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாக நதிக்கரையில் இருக்கிற ஆரணிக்குப் போகிறவருக்கு இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். அரிசிக்கும் பட்டுக்கும் பேர் போன ஊர் இது. இங்கே பள்ளிக்கூடத்துக்குப் போட்டி அடுத்த தெரு கான்வென்ட் இல்லை. வீட்டுக்குள் இருக்கிற தறி!

தறி எப்படிப் போட்டியாகிறது? உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிற கைத்தறியில் நெசவாளி ஒருவரால் மட்டும் முடியாது. கரைக்கு நாடா போட்டுத் தர, பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த 'இன்னொரு ஆள்' பல வீடுகளில் வெகுகாலம் ஒரு சின்னப் பையனாகவோ பெண்ணாகவோ இருந்தது. முன்பணக் கடனுக்காகப் பிள்ளைகள் அடுத்தவர் தறியில் உட்கார்ந்த கதையும் உண்டு. பக்கத்துப் பட்டு ஊரான காஞ்சிபுரத்தில் இது நடந்ததை 2003-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு ஓர் அறிக்கையாகவே வெளியிட்டது.

இன்றைக்கு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்க ஒரு சாக்கு தேடிக்கொண்டிருக்கும் பையனுக்கு, வீட்டில் ஒரு வேலை எப்போதும் தயாராக இருக்கிறது. அந்தச் சாக்கு நாமாக இருந்துவிடக் கூடாது. புது ஆசிரியருக்குச் சொல்ல வேண்டியது முக்கியமாக இது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதற்கு வழிதான்.

முதல் ஐந்து நிமிஷம்

அமெரிக்காவில் ஜேக்கப் கௌனின் என்று ஒரு உளவியல் அறிஞர் இருந்தார். வகுப்பறைகளை வீடியோ எடுத்துப் போட்டுப் பார்த்து, 1970-ல் ஒரு புத்தகம் எழுதினார். சேட்டை நடந்த பிறகு எப்படி அதட்டுகிறார்கள் என்பதில் நல்ல ஆசிரியருக்கும் திணறுகிற ஆசிரியருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று கண்டுபிடித்தார். வித்தியாசம் சேட்டைக்கு முன்னால் இருக்கிறது! நல்ல ஆசிரியர், சேட்டைக்கு நேரமே இல்லாதபடி வகுப்பை நடத்துகிறார். போர்டில் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அவருக்கு மூன்றாவது வரிசையில் நடப்பது தெரிகிறது. முதுகில் கண் என்று நம் ஊரில் சொல்வோமே, அதேதான்.

இந்தக் கண்ணைப் பழக்கத்தில் வரவழைக்கலாம். பிள்ளைகள் உள்ளே வரும்போதே போர்டில் ஒரு சின்ன வேலை எழுதியிருக்கட்டும். ஒரு கணக்கு, ஒரு விடுகதை, நேற்றைய பாடத்தில் ஒரு கேள்வி, எதுவானாலும் சரி. நீங்கள் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்புங்கள். பேர் மனப்பாடம் ஆக ஒரு வாரம் போதும். "ஏய், நீல ரிப்பன்!" என்று கூப்பிட்டால் வகுப்பே சிரிக்கும். பேரைச் சொன்னால் அந்த ஒருத்தி திரும்புவாள்.

விதிகள் மூன்றுக்கு மேல் வேண்டாம். பதினேழு விதி போட்டால் பதினெட்டாவதை அவர்கள் கண்டுபிடிப்பார்கள்!

நெசவாளி வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் புதிதல்ல. பாவு ஓட்டி, இழை இழையாக அச்சில் கோத்து முடித்த பிறகுதான் நாடாவைத் தொடுவார்கள். முன்வேலை ஒழுங்காக இல்லாவிட்டால் நெய்ய நெய்ய இழை அறுந்துகொண்டே இருக்கும்.

கேட்டுவிட்டு, வாயை மூடுங்கள்

மேரி பட் ரோ என்ற இன்னோர் ஆராய்ச்சியாளர், வகுப்பறைகளில் ஒரு விஷயத்தை அளந்து பார்த்தார். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள்? சராசரியாக ஒரு விநாடிதான்! அதற்குள் பதில் வராவிட்டால் அவர்களே சொல்லிவிடுகிறார்கள், இல்லை முதல் பெஞ்ச்சிடம் போய்விடுகிறார்கள். மூன்று விநாடி பொறுத்துப் பார்த்தபோது பதில்கள் நீண்டன. வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள்.

செலவில்லாத வைத்தியம் இது. கேள்வி கேளுங்கள். மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். பிறகு பேர் சொல்லுங்கள். முதலில் அந்த மூன்று விநாடி மூன்று மணி நேரம் மாதிரி இருக்கும். பழகிவிடும்.

தூங்குகிறவனை எழுப்புவது எப்படி?

இரண்டாவது பீரியட். கடைசி பெஞ்சில் ஒருவன் தலை சாய்ந்துவிட்டது. புது வாத்தியாருக்குக் கோபம் வரும். "என் பாடம் அவ்வளவு போரா?" இருக்கலாம்! ஆனால் ஆரணி மாதிரி ஊரில் இன்னொரு கேள்வியையும் கேட்டுப் பாருங்கள். 'ராத்திரி இவன் எத்தனை மணிக்குப் படுத்தான்?'

எல்லோர் முன்னாலும் கேட்காதீர்கள். மத்தியானம் சாப்பாட்டு வரிசையில் பக்கத்தில் நின்று கேளுங்கள். தீபாவளிக்கும் கல்யாண முகூர்த்தங்களுக்கும் முன்னால் தறி ஓயாது. விஷயம் புரிந்துவிட்டால், ஒரு சாயங்காலம் வீட்டுக்குப் போய் வாருங்கள். வீட்டுக்குப் போவதில் ஒரு ரகசியம் இருக்கிறது. முதல் தடவை புகாரோடு போகக் கூடாது.

"இன்னா சார், வூடு தேடி வந்துட்டீங்க? எதுனா வம்பு பண்ணிட்டானா?"

"அதெல்லாம் இல்லீங்க. நேத்து கணக்குல இவன்தான் முதல்ல விடை சொன்னான். சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்."

தறிக்குழியில் உட்கார்ந்திருக்கும் அப்பாவின் முகம் அப்போது எப்படி மாறும் என்று நினைத்துப் பாருங்கள்! அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது காதில் ஏறும்.

"ராத்திரி ஏழு மணிக்கு மேல பிள்ளைங்களை வேலைல உக்கார வெக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்குதுங்க. அவன் தூங்கி எழுந்து வந்தா போதும், மத்ததை நான் பாத்துக்கறேன்."

சட்டம் நிஜமாகவே அப்படித்தான் சொல்கிறது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தினார்கள். 14 வயதுக்குக் கீழே வேலைக்கு வைக்கவே கூடாது. சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் மட்டும், பள்ளி நேரத்துக்குப் பிறகோ விடுமுறையிலோ கை கொடுக்கலாம். 2017-ல் வந்த விதிகள் இரவு 7 மணி முதல் காலை 8 மணி வரை அதுவும் கூடாது என்கின்றன. மாணவன் தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராவிட்டால், தலைமை ஆசிரியர் அதற்கென உள்ள அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஆனால் நல்ல ஆசிரியர் முப்பது நாள் காத்திருக்க மாட்டார். மூன்றாம் நாளே பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் "அவன் ஏன் வரலை?" என்று கேட்டுவிடுவார். மூன்று நாள் வராதவனைத் திரும்ப அழைப்பது சுலபம். முப்பது நாளில் அவன் கை தறிக்குப் பழகிவிடும். பிள்ளை வெளியார் தறியில் கடனுக்காக உட்கார்ந்திருப்பதாகத் தெரிந்தால் மட்டும் தயங்காதீர்கள். 1098-க்கு போன் செய்யுங்கள்.

கம்பு எதற்கு?

"அடியாத மாடு படியாது" என்று யாராவது சீனியர் காதில் ஓதுவார். கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அடிப்பது மட்டுமல்ல, மனசு நோகப் பேசுவதும் அதன்படி தவறு. சட்டத்தை விடுங்கள். வீட்டில் வேலை தயாராக இருக்கிற பையனை நாம் ஒரு அடி அடித்தால், அவன் நாளைக்கு வரமாட்டான். அவ்வளவுதான். படிப்பு என்ற பெரிய விஷயம், ஒரு நிமிஷக் கோபத்தில் முடிந்துபோகும். கோபம் வந்தால் போர்டு பக்கம் திரும்பி, அழித்த இடத்தையே இன்னொரு தடவை அழியுங்கள்!

கம்ப்யூட்டரின் தாத்தா

டிசைன் போட்ட சேலை நெய்கிற வீடுகளில் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். துளை போட்ட அட்டைகள் வரிசையாகத் தொங்கும். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-ல் கொண்டுவந்த யுக்தி அது. துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. இதைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லஸ் பாபேஜ், தன் கணக்கு யந்திரத்துக்குத் துளை அட்டையை யோசித்தார். அதாவது கம்ப்யூட்டரின் தாத்தா நம் பையன் வீட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறார்!

இதை வகுப்பில் சொல்லிப் பாருங்கள். 'தறிக்காரன் பையன்' என்று கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவன் நிமிர்வான். அளவைகள் பாடத்துக்கு 'முழக்கோல்' எதற்கு? ஒரு சேலைக்கு எத்தனை மீட்டர், கரை எத்தனை அங்குலம் என்று வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள். அடுத்த நாள் வகுப்பில் சந்தைக் கடை இரைச்சல் இருக்கும். நல்ல இரைச்சல்!

இன்னொன்று. ஆரணியில் சௌராஷ்டிரம் பேசுகிற குடும்பங்களும் தெலுங்கு பேசுகிற குடும்பங்களும் உண்டு. ஒரு சின்னப் பிள்ளை தமிழில் பதில் சொல்லத் தடுமாறினால் அது மந்தம் அல்ல. அதன் மொழியில் நாலு வார்த்தை நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகச் சொல்லுங்கள். அது திருத்தும்போது அதன் வாய் தானாகத் திறக்கும்.

மழைக்காலச் செலவு

ஐப்பசி, கார்த்திகையில் அடை மழை பிடித்தால் தறிக்குழியில் ஈரம் ஊறும். தெருவில் பாவு போட முடியாது. வேலை இல்லையென்றால் கூலி இல்லை. அந்த நேரம் பார்த்து, "நாளைக்குள்ள சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா வாங்கிட்டு வரலைன்னா வெளியில நில்லு!" என்று சொல்லாதீர்கள். வாங்க முடியாத பிள்ளை வெளியில் நிற்க மாட்டான். வீட்டிலேயே நின்றுவிடுவான். பழைய காலண்டரின் பின்பக்கம் படம் வரைய நன்றாகவே இருக்கும்.

தனியாகத் தவிக்காதீர்கள்

புது மருமகள் வந்ததும் மாவாட்டுகிற வேலை முழுக்க அவள் தலையில் விழுமே, பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். எமிஸ் பதிவா? புது டீச்சர். ஆண்டு விழா டான்ஸா? புது டீச்சர். யாரும் எடுக்கத் துணியாத ஒன்பதாவது 'சி'-யா? சந்தேகமென்ன! தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதல் வருஷம் மட்டுமாவது இவர்களுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கொடுங்கள்.

புது ஆசிரியர்களே, உதவி கேட்பது கௌரவக் குறைச்சல் இல்லை. வாரம் ஒரு பீரியட், நன்றாகப் பாடம் எடுக்கிற ஒரு சீனியரின் வகுப்பில் பின்னால் உட்கார அனுமதி கேளுங்கள். குறுவள மையக் கூட்டத்துக்குப் போனால் டீ, பிஸ்கெட்டோடு நிறுத்தாதீர்கள். உங்களைப் போலவே திணறுகிற இன்னொருவரைப் பிடித்துப் பேசுங்கள். வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். மாவட்டத்துக்கென்று கீழ்பென்னாத்தூரில் ஆசிரியர் பயிற்சி நிறுவனமே இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். தெருவில் எந்த வீட்டில் என்ன கஷ்டம் என்று உங்களைவிட அவர்களுக்குத் தெரியும்.

கடைசியாக, ஒரு நோட்டு போடுங்கள். தினம் சாயங்காலம் மூன்றே வரி. இன்று எது சரியாக நடந்தது, எது சொதப்பியது, நாளை யாரைக் கவனிக்க வேண்டும். ஆகஸ்ட் மாதம் ஒருநாள், 'இந்த உத்தியோகம் நமக்குச் சரிப்படாது' என்று கண்டிப்பாகத் தோன்றும். அன்றைக்கு ராஜினாமா கடிதம் எழுதாதீர்கள். அந்த நோட்டைப் புரட்டுங்கள். ஜூனில் 'தூங்குகிறான்' என்று எழுதியிருந்த பேருக்கு எதிரே ஜூலையில் 'கை தூக்கினான்' என்று இருக்கிறதா, பாருங்கள்.

ஒரே ஒரு பேர் அப்படி இருந்தாலும் சரி... நாளைக்குக் காலை முதல் பீரியட் உங்களுக்குத்தான். சாக்பீஸ் எடுத்து வையுங்கள்!