பீன்யாவில் ஒரு கொல்லைத் தோட்டம்

நகரக் குடியிருப்புகளில் வீட்டுத் தோட்டம் என்பது பெரும்பாலும் பொழுதுபோக்காகவே கருதப்படுகிறது. ஆனால், நிலமும் நீரும் சீர்கெட்ட ஓரிடத்தில் அதனை மேற்கொள்ள முற்படும்போது, மண்வளம், நீர்வளம், பொதுச் செலவு ஆகிய பொருளாதாரப் பிரச்சினைகளோடு அது கொண்டுள்ள தொடர்பு புலனாகிறது. பெங்களூரின் வடமேற்கே, பீன்யாவில் உள்ள எங்கள் வீட்டின் கொல்லைப்புறத்தில் 2021ஆம் ஆண்டு முதல் பெற்ற அனுபவத்தைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பீன்யாவின் நிலை

1970களில் உருவான பீன்யா தொழிற்பேட்டை, இந்நாட்டின் பெரிய சிறுதொழில் மையங்களுள் ஒன்றாகும். இயந்திரப் பாகங்கள், ஆயத்த ஆடைகள், மின்முலாம் பூசுதல் போன்ற தொழில்கள் இங்குப் பல்லாயிரம் குடும்பங்களுக்கு வாழ்வளிக்கின்றன. அதே வேளையில், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009ஆம் ஆண்டில் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டபோது, பீன்யா கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் வரிசையில் இடம்பெற்றது. முலாம் பூசும் தொழிலின் கழிவில் உள்ள குரோமியம் இப்பகுதியின் நிலத்தடி நீரில் கலந்திருப்பது ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளது. இதன் ஆறு இணைதிறன் கொண்ட வடிவம் நீரில் எளிதில் கரைவது, நச்சுத்தன்மை மிக்கது.

எங்கள் கொல்லை 30 அடி நீளமும் 20 அடி அகலமும் கொண்டது. வீடு கட்டியபோது எஞ்சிய செங்கல், சிமெண்டு, ஓட்டுத் துண்டுகள் ஆகியவற்றை அங்கேயே பரப்பி, மேலே ஒரு சாண் செம்மண் கொட்டியிருந்தனர். பெங்களூரின் இயற்கையான செம்மண் சற்றே அமிலத்தன்மை உடையது. ஆனால் கட்டட இடிபாட்டின் சுண்ணாம்பு அதனைக் காரத்தன்மை உடையதாக மாற்றியிருந்தது. அத்தகைய மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேர்களுக்குக் கிட்டாது, இலைகள் வெளுக்கும். நட்ட முதல் ரோஜாச் செடிகள் அவ்வாறே மடிந்தன.

முதற்பணி சோதனை

இதன் பின்னரே மண்ணையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் சோதனைக்கு அனுப்பினோம். செடி வாங்குமுன் செய்திருக்கவேண்டிய பணி இது. குடிநீரில் குரோமியத்திற்கு இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்ச அளவு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். எங்கள் கிணற்று நீரில் அது மிகுந்திருந்தது. மண்ணில் இருந்த அளவு கவலைக்குரியதன்று. எனவே, உண்ணும் பயிர் எதற்கும் அக்கிணற்று நீரைப் பயன்படுத்துவதில்லை என முடிவு செய்தோம்.

மண்ணை உருவாக்குதல்

முதல் ஆண்டில் இடிபாடுகளை அகற்றி, சூன் மாத மழையில் சணப்பை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி மண்ணோடு சேர்த்தோம். வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரசனை மண்ணில் சேர்ப்பதே இதன் பயன். இரண்டாம் ஆண்டில் முருங்கையும் அவரையும் நட்டோம்.

நாள்தோறும் சமையலறையில் சேரும் காய்கறிக் கழிவு 1 கிலோ எனக் கொண்டால், ஆண்டுக்கு 365 கிலோ ஆகிறது. உலர்ந்த சருகுடன் கலந்து மக்கவைத்தால், அதில் மூன்றில் ஒரு பங்கேனும், அதாவது சுமார் 120 கிலோ எருவாகத் தேறும். 600 சதுர அடி நிலத்தில் இதனைப் பரப்பினால், ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ கிடைக்கும். ஓராண்டில் இதன் பயன் கண்ணுக்குத் தெரிவதில்லை. மூன்றாம் ஆண்டில் மண்புழுக்கள் தோன்றின. மூலதன ஆக்கத்தில் காணும் பொறுமையே இங்கும் தேவைப்படுகிறது. மக்கிய பொருள்கள் ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தீங்கு குறைந்த மூன்று இணைதிறன் வடிவமாக மாற்ற உதவுவதும் குறிப்பிடத்தக்கது. எனினும், இது சோதனைக்கு மாற்றாகாது. ஐயத்திற்குரிய மண்ணில் கீரைகளையும் கிழங்குகளையும் தவிர்ப்பதே முறை.

1990களில் சோவியத் உதவியை இழந்த கியூபா, ஹவானா நகரின் பயனற்ற மனைகளில் எரு நிரப்பிய உயர்பாத்திகளை அமைத்துக் காய்கறி விளைவித்தது. அம்முறையைப் பின்பற்றி, மூன்றாம் ஆண்டில் தக்காளிக்கும் வெண்டைக்கும் உயர்பாத்திகள் அமைத்தோம். அருகே ஹெசரகட்டாவிலுள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய ‘அர்கா’ இரகங்கள் இவ்வட்டாரத்திற்கு ஏற்றவை.

நீர்க் கணக்கு

பெங்களூரின் சராசரி ஆண்டு மழை ஏறத்தாழ 970 மில்லிமீட்டர். 1,000 சதுர அடிக் கூரையில் விழும் நீரில் ஐந்தில் நான்கு பங்கைச் சேர்த்தாலும் சுமார் 72,000 லிட்டர் கிடைக்கும். அனைத்தையும் தேக்கத் தொட்டி அமைப்பது கட்டுப்படியாகாது; 5,000 லிட்டர்த் தொட்டி ஒன்றே எங்களால் இயன்றது. கோடையில் பாதிப் பாத்திகளில் மட்டும் பயிரிட்டு, சருகு மூடாக்கு இட்டதால், நாளொன்றுக்கு 70 லிட்டர் போதுமானதாயிற்று. அதில் 40 லிட்டர் அரிசி, காய்கறி கழுவிய நீர். எஞ்சிய 30 லிட்டரை 120 நாள்களுக்குக் கணக்கிட்டால் 3,600 லிட்டரே தேவை. 2024 மார்ச்சில் கடும் தட்டுப்பாட்டின்போது, தோட்டத்திற்குக் குடிநீரைப் பயன்படுத்துவோருக்கு 5,000 ரூபாய் அபராதம் என அறிவிக்கப்பட்டது. அந்தக் கோடையிலும் எங்கள் அவரைப் பந்தல் வாடவில்லை.

தனிமனித முயற்சியின் எல்லை

காய்கறியின் விலையை மட்டும் கணக்கிட்டால், தொட்டிக்குச் செய்த செலவு மீள இன்னும் பல ஆண்டுகள் ஆகும். உழைப்பின் மதிப்பையும் சேர்த்தால் கணக்கு மேலும் பாதகமாகும். ஆயினும், ஒரு கருத்து இதனால் தெளிவாகிறது. ஒரு குடும்பம் தன் மண்ணைத் திருத்தலாம், மழையைத் தேக்கலாம், நிலத்தடி நீரை மட்டும் தன்னந்தனியாகத் திருத்த இயலாது. ஓர் ஆலை சுத்திகரிக்காது விடும் கழிவின் செலவை, அதன் பொருளை ஒருபோதும் வாங்காத அண்டை வீட்டார் ஏற்க நேரிடுகிறது. மாசுபடுத்துவோரே அதற்கான செலவை ஏற்கவேண்டும் என்னும் கொள்கையை நம் நீதிமன்றங்கள் ஏற்றுள்ளன. சிறு ஆலைகளுக்குத் தனித்தனிச் சுத்திகரிப்பு கட்டுப்படியாகாதாகையால், பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இடைவிடாத கண்காணிப்பும் இன்றியமையாதவை.

2015இல் தொடங்கப்பட்ட மண்வள அட்டைத் திட்டம் உழவர்க்குப் பயன்பட்டு வருகிறது. அதுபோன்ற எளிய சோதனை வசதி, தொழிற்பேட்டைகளை அடுத்து வாழும் நகர மக்களுக்கும் கிடைக்குமாயின், எதனை நடலாம், எந்நீரை ஊற்றலாம் என்பதை அவர்கள் அறிந்து செயல்படுவர். எங்கள் வீட்டுக் கிணற்று நீரை ஒவ்வோர் ஆண்டும் சோதித்து வருகிறோம். அதனைப் பாத்திகளுக்குப் பாய்ச்சும் நாள் இன்னும் வரவில்லை.