ஐடிலிங்கில் இன்ஜின் ஏன் குலுங்குகிறது?

சிக்னலில் நிற்கும்போது குலுங்கும் பெட்ரோல் கார், வேகமெடுத்ததும் சீராகிவிடுகிறதா? காற்றுக் கசிவைச் சந்தேகிக்கலாம்.

ஐடிலிங்கில் த்ராட்டில் வால்வு ஏறக்குறைய மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றை இழுக்க இழுக்க, இன்டேக் மேனிஃபோல்டில் வெற்றிடம் உண்டாகும். நல்ல இன்ஜினில் அது 17 முதல் 22 அங்குலப் பாதரச அளவு இருக்கும். ரப்பர் ஹோஸில் ஒரு விரிசல் போதும், வெளிக்காற்று உள்ளே புகுந்துவிடும். ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டி நுழையும் இந்தக் காற்று கணக்கில் வராது. 1 கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற விகிதம் குலைகிறது. கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போய், சமாளிக்க முடியாதபோது பி0171 என்ற குறியீட்டைப் பதிவு செய்யும்.

அதைப் பார்த்ததுமே சென்சாரை மாற்றுவது வீண்செலவு. ஸ்கேனரில், கம்ப்யூட்டர் செய்யும் பெட்ரோல் திருத்தத்தின் அளவான ஃபியூல் ட்ரிம் ஐடிலிங்கில் 20 சதவீதம் கூடி, 2500 ஆர்.பி.எம்.மில் பூஜ்யத்தை நெருங்கினால் கசிவுதான் முதல் சந்தேகம். மொத்தக் காற்று பெருகும்போது கசியும் காற்றின் பங்கு சிறுத்துவிடுகிறதல்லவா!

இடத்தைக் கண்டுபிடிக்கப் புகைதான் சிறந்த வழி. இன்ஜினை நிறுத்திவிட்டு, மேனிஃபோல்டுக்குள் மெல்லிய அழுத்தத்தில் புகையைச் செலுத்தினால், பிரேக் பூஸ்டர் ஹோஸின் அடிப்பக்கக் கீறல்கூடத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ஓடும் இன்ஜின்மேல் கார்புரேட்டர் கிளீனர் தெளித்துப் பார்க்கும் பழைய முறை இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் கிளீனர் சட்டென்று தீப்பிடிக்கும் திரவம். சூடான சைலன்சர் குழாய்க்கு அருகே வேண்டவே வேண்டாம்.