பிசிசிஐ: கதவுக்குப் பின்னால் என்ன நடக்குது?

பெங்களூரு புறநகரில் 40 ஏக்கர். 3 மைதானங்கள். மொத்தம் 86 பிட்ச்! இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் 2024 செப்டம்பரில் திறந்த ‘சென்டர் ஆஃப் எக்ஸலன்ஸ்’ இது. உடற்பயிற்சிக்கூடமெல்லாம் அப்புறம்; முதலில் மண்ணைப் பாருங்கள், இங்கே ஹீரோவே மண்தான்!

மும்பையிலிருந்து செம்மண் வந்திருக்கிறது. பக்கத்து மாண்டியாவிலிருந்து ஒரு மண். ஒடிசாவின் காளஹாண்டியிலிருந்து கரிசல்! செம்மண்ணில் பந்து எகிறும். கரிசலில் நின்று நின்று வரும், தாழும். காலையில் நெஞ்சுக்கு வரும் பந்தைச் சமாளித்த பேட்ஸ்மேன், சாயங்காலமே முழங்காலுக்குக் கீழே தவழும் பந்துக்குக் குனியலாம். ஊர் மாற வேண்டாம், பிட்ச் மாறினால் போதும்!

காயம்பட்ட வீரர் ‘ஃபிட்’ என்று செய்தியில் ஒரே வரி வருகிறதே, அதற்கான பரிசோதனையும் இங்கேதான். நெட்டில் எத்தனை ஓவர் வீசினார், மறுநாள் வலித்ததா என்று பார்த்துப் பார்த்துத்தான் அனுமதி. அந்த ஒரு வரிக்குப் பின்னால் பல வார உழைப்பு!

இதற்கெல்லாம் பணம்? 2022 ஜூனில் ஐபிஎல் ஒளிபரப்பு உரிமைக்கு மின்-ஏலம். சுத்தியல் சத்தம் கிடையாது. 3 நாள், கணினித் திரையில் எண்கள் மட்டும் ஏறிக்கொண்டே போயின. 5 ஆண்டுகளுக்கு 48,390 கோடி ரூபாய்! இன்று ஐபிஎல் நடக்கும் மாதங்களில் மற்ற நாடுகளின் போட்டி அட்டவணையே ஒதுங்கி வழிவிடுகிறது.

இன்னொன்று தெரியுமா? இவ்வளவு பெரிய வாரியம் சட்டப்படி வெறும் சங்கம், பதிவாகியிருப்பதோ நம் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ்! 1983-இல் உலகக் கோப்பையை வென்று வந்தவர்களுக்குப் பரிசு கொடுக்க அதனிடம் காசில்லை. டெல்லியில் லதா மங்கேஷ்கர் கச்சேரி செய்து திரட்டித் தந்தார். வீரர்களுக்கு ஆளுக்கு 1 லட்சம் கிடைத்தது.

வாரியம் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகப் பிடித்தது 2022 அக்டோபரில் வந்தது. ஆண், பெண் இருவருக்கும் ஒரே போட்டி ஊதியம்: டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒருநாளுக்கு 6 லட்சம், டி20-க்கு 3 லட்சம். ஆண்டு ஒப்பந்தத் தொகையில் இடைவெளி இன்னும் பெரிதுதான்; அதுவும் மூடப்பட வேண்டும். 2025 நவம்பர் 2 அன்று நவி மும்பையில் ஹர்மன்ப்ரீத் தலைமையிலான இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியது. இம்முறை பரிசுக்குக் கச்சேரி தேவைப்படவில்லை: வாரியமே அறிவித்தது, 51 கோடி!