உங்களுக்குத் தெரியுமா? கடிகாரத்தைத் திருப்பாத திருப்பூர்

● மார்ச் மாதக் கடைசி ஞாயிறு, லண்டனில் நள்ளிரவு ஒரு மணி அடித்ததும் கடிகாரம் நேராக இரண்டுக்குத் தாவிவிடும். திருப்பூரில் அப்போது காலை 6:30, கறிக்கடைகளில் கூட்டம் சேரத் தொடங்கும் நேரம். இங்கே யாரும் எந்த முள்ளையும் தொடுவதில்லை. ஆனாலும் மறுநாள் மதியம் 2:30-க்கு வரவேண்டிய லண்டன் பையரின் அழைப்பு 1:30-க்கே வந்து நிற்கும். மெர்ச்சன்டைசர் அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருப்பார். அக்டோபர் கடைசி ஞாயிறு வரை இதே கதைதான். பகலொளி சேமிப்பு நேரம் என்றும் கோடை நேரம் என்றும் சொல்லப்படும் இந்த ஏற்பாடு இந்தியாவில் இல்லை. பனியன் கம்பெனிகளின் ஆபீஸ் அறையில் மட்டும் இருக்கிறது.

நியூயார்க் கணக்கு இன்னும் உதைக்கும். அங்கே காலை 9 மணி என்பது நமக்குக் கோடையில் மாலை 6:30, குளிர்காலத்தில் இரவு 7:30. இரவு எட்டு மணிக்கு ஒன்றரை ஷிப்ட் முடிந்து ஆள் கிளம்பும் கம்பெனியில் இந்த ஒரு மணி நேரம் பெரிய விஷயம். 6:30-க்கு வந்த கேள்வி என்றால் கட்டிங் மாஸ்டரை நேரில் பார்த்துப் பதில் வாங்கிவிடலாம். 7:30 என்றால் பதில் மறுநாளுக்குத்தான்.

● அமெரிக்கா முள்ளை நகர்த்துவது மார்ச் இரண்டாவது ஞாயிறு. ஐரோப்பா அதே மாதக் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு மூன்று வாரங்களுக்கு லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடைவெளி ஐந்து மணி நேரத்திலிருந்து நான்காகச் சுருங்கும். திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. மீண்டும் ஒரு வாரக் குழப்பம். சிட்னி தெற்கே இருப்பதால் எல்லாம் தலைகீழ்: அக்டோபரில் முன்னால், ஏப்ரலில் பின்னால். அதே ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் எதையும் மாற்றுவதில்லை. மூன்று கண்டத்துக்கும் சரக்கு அனுப்புகிறவர் மார்ச் மாதம் வருடக் கணக்கை மட்டும் முடித்தால் போதாது.

● இந்தத் தலைவலியை ஒழிக்கவும் பார்த்தார்கள். 2019 மார்ச்சில் ஐரோப்பிய நாடாளுமன்றம், 2021-க்குள் முள் நகர்த்துவதை நிறுத்திவிடலாம் என்று வாக்களித்தது. 2022 மார்ச்சில் அமெரிக்க செனட், கோடை நேரத்தையே நிரந்தரமாக்கும் மசோதாவை நிறைவேற்றியது. முதலாவது உறுப்பு நாடுகள் ஒத்துவராததால் நின்றது, இரண்டாவது பிரதிநிதிகள் சபையைத் தாண்டவில்லை. கிணற்றில் போட்ட கல்.

● யோசனை யாருடையது? நியூசிலாந்தில் தபால் நிலையத்தில் ஷிப்ட் வேலை பார்த்த ஜார்ஜ் ஹட்சன், பூச்சி ஆராய்ச்சியில் பித்துப் பிடித்தவர். வேலை முடிந்தபின் பூச்சி பிடிக்க வெளிச்சம் வேண்டும் என்று, இரண்டு மணி நேரம் முன்னால் தள்ளலாம் என 1895-ல் எழுதினார். முதலில் நாடு முழுக்கச் செய்துகாட்டியது ஜெர்மனி, 1916 ஏப்ரல் 30-ல், உலகப்போரில் நிலக்கரியை மிச்சப்படுத்த. மூன்று வாரம் கழித்து, போரில் எதிரியான பிரிட்டனும் அதையே செய்தது.

● லண்டனில் ஜூன் மாத நீண்ட பகல் 16 மணி 38 நிமிடம். டிசம்பரில் 8 மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு. திருப்பூரில்? நீண்ட பகல் ஏறத்தாழ 12 மணி 46 நிமிடம், குறுகிய பகல் 11 மணி 28 நிமிடம். வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம் சொச்சம். லண்டனில் கோடைக்காலத்து விடிகாலை 4 மணி வெளிச்சம் ஊரே தூங்கும்போது வீணாகப் போகிறது, அதை மாலைக்கு நகர்த்துகிறார்கள். நம்மிடம் நகர்த்த மிச்சமே இல்லை.

● திருப்பூரில் சூரியன் மிகச் சீக்கிரம் மறைவது டிசம்பரில் என்று நினைப்போம். இல்லை, நவம்பர் பிற்பகுதியில், கார்த்திகை தொடக்கத்தில், 5:54 வாக்கில். மிகத் தாமதமாக உதிப்பது மார்கழியிலும் இல்லை. தை பிறந்து பொங்கல் முடிந்து, ஜனவரி இறுதியில், 6:45 வாக்கில். மார்கழிக் கோலத்துக்குக் கிடைக்கும் வெளிச்சம் தையில் இன்னும் கொஞ்சம் தாமதமாகும். பூமி சூரியனை ஒரே சீரான வேகத்தில் சுற்றாததும், அதன் அச்சு சாய்ந்திருப்பதும் சேர்ந்து செய்யும் வேலை இது. இதனால் உச்சிப்பொழுதும் நிலையாக 12-ல் நிற்பதில்லை. நவம்பர் தொடக்கத்தில் 12:04, பிப்ரவரியில் 12:35.

● இந்திய நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அது உத்தரப் பிரதேசத்தின் மிர்சாப்பூர் பக்கம் போகிறது. திருப்பூர் அதற்கு ஐந்து பாகைக்கு மேல் மேற்கே. எனவே நம் கடிகாரம் சொந்தச் சூரியனைவிட ஏற்கெனவே 20 நிமிடம் சொச்சம் முந்தித்தான் ஓடுகிறது. சின்ன அளவில் ஒரு கோடை நேரம், வருடம் முழுக்க, யாரும் கேட்காமலே.

● அப்படியானால் திருப்பூரில் முள்ளை ஒரு மணி நேரம் தள்ளினால் என்ன ஆகும்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இப்போது வருடம் முழுவதிலும் உதயம் 5:57-க்கும் 6:45-க்கும் இடையில், மறைவு 5:54-க்கும் 6:48-க்கும் இடையில். தள்ளிவைத்தால் உதயம் 6:57 முதல் 7:45 வரை, மறைவு 6:54 முதல் 7:48 வரை. ஜூலையில் எட்டு மணிக்கு ஷிப்ட் விட்டு வெளியே வரும் பெண்கள் கொஞ்சம் அந்தி வெளிச்சத்தில் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கலாம். நல்லதுதான். ஆனால் அதற்கான விலை காலையில். தாராபுரம், அவிநாசி, பல்லடம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து ஆட்களை ஏற்றிவரும் கம்பெனி வேனுக்கு ஜனவரியில் ஆறரைக்கு ரோட்டோரம் நிற்பவர்கள் கும்மிருட்டில் நிற்பார்கள். அதற்கும் ஒரு மணி நேரம் முன்பே எழுந்து அடுப்பு மூட்டித் தண்ணீர் பிடித்திருக்க வேண்டும். அதற்கு வீட்டில் விளக்கு எரியும். மாலையில் மிச்சமான யூனிட் காலையில் மீட்டரில் ஏறிவிடும்.

நம் அந்தியும் குட்டை. சூரியன் மறைந்தால் 22 நிமிடத்தில் இருட்டிவிடும். ஜூன் மாத லண்டனில் முக்கால் மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இழுத்துக்கொண்டு கிடக்கும். இன்னொன்று, தையல் பிரிவில் மிச்சப்படுத்த எதுவும் இல்லை. ஓவர்லாக் ஊசியின் நுனிக்கு உச்சிவெயில் நேரத்திலும் லைட் வேண்டும். மத்தியானம் பன்னிரண்டுக்கே மெஷினுக்கு மேல் ட்யூப்லைட் எரிகிற இடத்தில் எந்த நேரத்தைச் சேமிப்பது?

வருடத்துக்கு இரண்டு முறை மாற்றுவதைவிட இந்தியக் கடிகாரத்தையே நிரந்தரமாக அரை மணி முன்னால் வைத்துவிடலாம் என்பது, பெங்களூருவில் தேசிய மேம்பட்ட ஆய்வு நிறுவனத்தில் இருந்த திலீப் அஹுஜா, டி.பி. சென்குப்தா ஆகியோரின் யோசனை. நாட்டளவில் அவர்கள் காட்டிய மின் சேமிப்புக் கணக்கு கவனிக்க வேண்டியது. மேற்கே கிடக்கும் கொங்கு நாட்டுக்கு மட்டும் அது தை மாத உதயத்தை 7:15 ஆக்கும் யோசனை.

● 2006-ல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலம் முழுவதும் கோடை நேரத்துக்கு மாறியது. மேத்யூ கோட்சன், லாரா கிராண்ட் என்ற இரு பொருளியலாளர்கள் மின் கட்டண விவரங்களை அலசினார்கள். வீட்டு மின்செலவு குறையவில்லை, சுமார் ஒரு சதவீதம் கூடியிருந்தது. விளக்கில் மிச்சமானதை ஏசி தின்றுவிட்டது. மாலை வெளிச்சம் கூடினால் மாலை வெக்கையும் கூடுமல்லவா? சித்திரை மாதத்துத் தகர ஷெட்டில் வேலை செய்தவர்களுக்கு இதைச் சொல்ல ஆராய்ச்சி தேவையில்லை.

● திருப்பூரும் ஒருகாலத்தில் முள்ளைத் தள்ளியிருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது, 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடின. அந்த ஆண்டுகளின் தை மாதத்தில் இங்கே சூரியன் உதித்தது 7:45-க்கு. அதற்கும் முன்பு, 1906-ல் இந்தியப் பொது நேரம் வரும்வரை, ரயில்கள் மெட்ராஸ் வானியல் ஆய்வகத்தின் நேரப்படி ஓடின. சென்னைக்கு உச்சி வந்து சுமார் 12 நிமிடம் கழித்தே திருப்பூருக்கு உச்சி.

● இலங்கையில் 1996 மே மாதம், வறட்சியால் நீர்மின்சாரம் படுத்தபோது, அரசு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் வைத்தது. அக்டோபரில் அதில் அரை மணியைக் குறைத்தது. மீதி அரை மணி 2006 ஏப்ரல் வரை நீடித்தது. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. பழைய நேரத்திலேயே இருந்தன. கொழும்பில் 9 மணி, கிளிநொச்சியில் 8:30. ஏ9 சாலையில் போக்குவரத்து திறந்த காலத்தில், வடக்கே போகிறவர் கைக்கடிகாரத்தையும் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ஒரு சிறிய தீவில் பத்தாண்டுகள் இரண்டு நேரம். இந்திய நேரத்தோடு ஒத்துப்போனது கிளிநொச்சி அடங்கிய வன்னியின் நேரம்தான்.

● சிங்கப்பூர் 1933-ல் முள்ளை 20 நிமிடம் முன்னால் தள்ளியது. பிறகு தள்ளித் தள்ளி, 1982 முதல் சூரியக் கணக்கைவிட ஒரு மணி ஐந்து நிமிடம் முந்தி நிற்கிறது. லிட்டில் இந்தியாவில் காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது.

● அஸ்ஸாமின் திப்ருகர் பக்கத்திலிருந்து தையலுக்கு வந்திருக்கும் இளைஞரிடம் கேட்டுப் பாருங்கள். அவர் ஊரில் ஜூனில் 4:15-க்கே சூரியன் உதித்துவிடும், டிசம்பர் தொடக்கத்தில் மாலை 4:20-க்குள் மறைந்துவிடும். அதே இந்தியக் கடிகாரம்தான். அதனால் அங்கே தேயிலைத் தோட்டங்கள் ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் 'பாகான் டைம்' என்ற சொந்த நேரத்தை வைத்துக்கொண்டன. பிரிட்டிஷார் காலத்துப் பழக்கம் அது. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 3-ஆம் பிரிவும் இதற்கு இடம் வைத்திருந்தது: இந்தியப் பொது நேரம் வழக்கத்தில் இல்லாத பகுதிகளுக்கு மாநில அரசே உள்ளூர் நேரம் குறிக்கலாம். தமிழ்நாட்டில் அதற்குத் தேவை வரவில்லை.

● சாயப்பட்டறைக்காரர்களுக்குக் கடிகாரத்தைவிட வெளிச்சத்தின் நிறம் முக்கியம். சூரியன் அடிவானில் இருக்கும்போது ஒளியின் நிற வெப்பநிலை 2,000 முதல் 3,000 கெல்வின், நடுப்பகலில் 5,500 அளவில். மாலை ஐந்தரைக்கு வாசலில் பிடித்துப் பார்த்து 'ஓகே' சொன்ன ஷேடு, மறுநாள் பதினொரு மணிக்கு வேறு முகம் காட்டும். ஒரு விளக்கில் ஒத்துப்போகும் இரண்டு துணிகள் இன்னொன்றில் பிரிந்துபோவதற்கு மெட்டாமெரிசம் என்று பெயர். அதனால்தான் லேப் டிப் எனும் சாயமேற்றிய மாதிரித் துணியை லைட் பாக்ஸில் வைத்து, டி65 எனும் 6,500 கெல்வின் செயற்கைப் பகலிலும், டிஎல்84 எனும் கடை விளக்கிலும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவில் நிறம் பார்க்க வடக்கு ஜன்னல் என்பது பழைய வழக்கம். அங்கே நடுப்பகலில் வடக்கிலிருந்து நேர் வெயில் வருவதில்லை. அந்தப் பாடத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஏமாறுவோம். 11 பாகை அட்சரேகையில் இருக்கும் திருப்பூரில் ஏப்ரல் மூன்றாம் வாரம் முதல் ஆகஸ்ட் நான்காம் வாரம் வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம்தான். வடக்கு ஜன்னலில் வெயில் நேராக விழும்.

● காலண்டரில் வெள்ளிக்கிழமை இராகு காலம் 10:30 முதல் 12 வரை. ஆறுக்கு உதயம், ஆறுக்கு மறைவு என்று வைத்துப் பகலை எட்டாக வகுத்த கணக்கு அது. உண்மையான உதயத்தை வைத்துப் போட்டால் திருப்பூரிலேயே ஜனவரி இறுதியில் 11:06 முதல் 12:33 வரை வரும். புது மெஷினுக்குப் பூஜை போடுகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். லண்டன் தமிழர் நிலைமை இன்னும் மோசம். ஜூன் மாத நீண்ட பகலையொட்டி, கோடை நேரத்தையும் சேர்த்து, அவருக்கு வெள்ளிக்கிழமை இராகு காலம் 10:57-க்குத் தொடங்கி 1:02-க்குத்தான் முடியும்.