சிற்றுருப் பீரங்கி வண்டிச் சீரமைப்பு

சிற்றுருப் பீரங்கி வண்டிச் சீரமைப்பு என்பது போர் விளையாட்டுகளுக்குரிய பழைய மாதிரி வண்டிகளை வாங்கிப் பழுது நீக்கி, அல்லது வேறு வகை வண்டியாக மாற்றிப் பயன்படுத்தும் பொழுதுபோக்கு ஆகும். இங்கிலாந்தின் கேம்சு வொர்க்சாப் நிறுவனம் வார்ஹாமர் 40,000 விளையாட்டுக்காக 1988 இல் வெளியிட்ட ரைனோ என்னும் நெகிழி ஊர்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இந்தப் படைவீரர் ஊர்தியின் மேல் சுழல்மேடையும் பீரங்கியும் பொருத்தினால் அது பிரடேட்டர் என்னும் பீரங்கி வண்டி ஆகிவிடும்.

தடித்த பழைய வண்ணப்பூச்சை நீக்குவதே கடினமான பகுதி. இவ்வகை வண்டிகள் பாலிசுடைரீனால் ஆனவை. அசிட்டோன் கலந்த நகப்பூச்சு நீக்கி பட்டால் பூச்சுடன் வண்டியும் கரையும். ஐசோபுரொப்பைல் ஆல்ககாலில் ஊறவைத்துப் பழைய பல் தூரிகையால் தேய்ப்பது நல்லது. இதுவும் தீப்பற்றக்கூடியதே.

முதலில் ஒட்டியவர் பயன்படுத்திய பசையையும் கவனிக்க வேண்டும். சயனோஅக்ரிலேட்டுப் பசை குளிரில் நொறுங்கும் தன்மை அடைவதால், உறைபெட்டியில் வைத்தெடுத்தால் பாகங்களைக் கழற்றுவது எளிது. நெகிழிப் பசையோ இரு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்கிவிடும். அந்த இணைப்பை மெல்லிய வாளால் அறுத்தே பிரிக்க முடியும்.